முயலுக்கு எழுந்த குண்டலினி

பாறை நிழலில் முயலும் ஆமையும் எதிரெதிரே கண் மூடி உட்கார்ந்திருந்தன. முயல் குண்டலினியை எழுப்பும் கட்சி. மூச்சைக் கவனித்தாலே போதும் என்பது ஆமையின் கட்சி. முதலில் கண் திறப்பவர் தன் வழியை விட்டுவிட வேண்டும் என்று இரண்டும் பேசி வைத்திருந்தன.

"ஓய் ஆமை, இடுப்பை ஏதோ சுற்றுகிறது. மெல்ல மேலே ஏறுகிறது," என்றது முயல். "சில்லென்று இருக்கிறது."

"சூடாக ஏறும் என்றல்லவா நேற்றுவரை சொன்னீர்?"

சந்தேகம் தாங்காமல் ஆமை கண்ணைத் திறந்தது. ஒரு மலைப்பாம்பு முயலை வளைத்துக்கொண்டிருந்தது.

"ஐயோ, கண்ணைத் திறந்து பாரும்! அது பாம்பு!"

"பாம்பு மாதிரிதான் எழும். இதுகூடத் தெரியாமலா என்னோடு வாதம் செய்தீர்?" முயலின் குரல் நெரிந்தது. "நெஞ்சுக்கு வந்துவிட்டது. மூச்சு தானாக அடங்குகிறது."

"நான் தோற்றுவிட்டேன் ஐயா! உம்முடைய வழிதான் சரி. எழுந்து ஓடும்!"

"பொறாமை," என்று முனகியது முயல். அதன் முகத்தில் பரவசம் தெரிந்தது.

ஆமை மறுபடி கத்த வாயெடுத்தது. பாம்பு தலையைத் திருப்பி அதைப் பார்த்தது.

"கொஞ்சம் சும்மா இரும். தியானத்தில் இருப்பவரைக் கலைக்கலாமா?"