மைக்கூட்டு விளிம்பில்

இங்கிலாந்தின் பர்ஸ்லமில், மண்பாண்டங்களுக்கு உப்பு மெருகேற்றும் சூளையை நாற்பது மணி நேரம் ஆறிய பிறகு திறந்தார்கள். கெசையா தன் மகனுக்கென்று வருடந்தோறும் செய்யும் மைக்கூடும் வெளியே வந்தது. பச்சை மண்ணில் அவள் கீறி, நீலப்பொடி தேய்த்த பூக்கொடி நன்றாக வெந்திருந்தது. விளிம்பில், சூளைக்குக் கொடுத்தபோது இல்லாத ஒரு கட்டைவிரல் தடம் பதிந்திருந்தது.

“போன வருஷத்தைவிடப் பெருசாயிடுச்சேடி!” என்று உடன் வேலை செய்யும் டார்க்கஸ் சிரித்தாள். “ஈர மண்ணைக் கண்டா உன் பையனுக்குக் கை சும்மா இருக்காதா?”

மேஸ்திரியும் எட்டிப் பார்த்தார். “ஏழு வயசு விரல். திங்கக்கிழமை கூட்டிட்டு வாம்மா, மண்ணு மிதிக்கட்டும்.”

கெசையா அந்தக் குழியில் தன் விரலை வைத்தாள். வெகுநேரம் அதை எடுக்கவே இல்லை.

“அவன் உயிரோட பொறக்கலய்யா.”