பன்னிரண்டாவது சரக்கு

விடிந்தும் விடியாத நேரத்தில் மண்சட்டியோடு வந்த ரூய்ஷியா, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கஷாயச் சக்கையை மெங் பெரியவர் வாசலில் கொட்டினாள்.

எங்கள் சந்தில் சக்கை கொட்டுவது புதிதில்லை. மிதிக்கிறவரோடு நோய் போய்விடும் என்று நம்பிக்கை. ஆனால் எல்லோரும் நாற்சந்தியில்தான் கொட்டுவோம். யார் மிதித்தார் என்று தெரியாவிட்டால் மனசு உறுத்தாது பாருங்கள்.

ரூய்ஷியாவுக்கு அதற்கெல்லாம் பொறுமை இல்லை. புருஷன் பெய்லினுக்குப் பதினெட்டு வருஷச் சர்க்கரை. இப்போது சிறுநீரகத்தில் கை வைத்துவிட்டது. இப்படியே போனால் டயாலிசிஸ்தான் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மாத்திரையோடு லூ வைத்தியரின் கஷாயமும் நடந்தது. அவளே பார்த்துப் பார்த்துக் காய்ச்சினாள்.

மெங் பெரியவருக்கு எண்பது வயது. பெண்டாட்டி, பிள்ளை கிடையாது. போனால் அழ ஆள் இல்லை. அதனால்தான் அவர் வாசலைப் பிடித்தாள்.

"இப்பல்லாம் கசப்பு தாங்கலை," என்றான் பெய்லின், கிண்ணத்தை வைத்துவிட்டு.

"பின்ன கரும்புச்சாறாவா இருக்கும்? அதுவும் உங்களுக்கு."

அந்த வாரம் ரத்தப் பரிசோதனை. சிறுநீரகக் கோளாறைக் காட்டும் கிரியாட்டினின், எங்கள் ஊர் மைக்ரோமோல் கணக்கில், போன மாதம் நூற்றுத் தொண்ணூறு. இந்த மாதம் இருநூற்று நாற்பது.

"வேற ஏதாவது சாப்பிடறாரா?" என்று கேட்டார் டாக்டர்.

"லூ வைத்தியர் கஷாயம்தான். வேற எதுவும் இல்லை டாக்டர்," என்றாள் ரூய்ஷியா.

 

மறுநாள் காலை சக்கையைக் கொட்டிவிட்டு வந்தவள், ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தாள். மெங் பெரியவர் வாசலில் குந்தி உட்கார்ந்து, குச்சியால் சக்கையைக் கிளறிப் பொறுக்கி ஒரு காகிதத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

 பொறுக்கியதை எங்கே கொண்டு போடுகிறார்? அவள் வீட்டு வாசலிலா?

"என்ன பெரியவரே, எங்க நோயை எங்களுக்கே திருப்பி விடறீங்களா? அதான் நம்பர் ஏறிக்கிட்டே போகுதா?"

நாலு ஜன்னல் திறந்தது. ஆவியில் வெந்துகொண்டிருந்த ரொட்டியை விட்டுவிட்டு எதிர்க்கடைக்காரி வந்து நின்றாள்.

"காடு வா வான்னு கூப்பிடற வயசுல இப்படி ஒரு புத்தியா?" என்றாள்.

பெரியவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். காகிதத்தை ரூய்ஷியாவிடம் நீட்டினார்.

"நாப்பது வருஷம் மருந்துக் கடையில சரக்கு நிறுத்துக் கொடுத்தவன்மா நான். உன் புருஷன் சதுரங்கம் ஆட வந்தப்ப லூ எழுதின சீட்டைக் காட்டினான். சீட்டுல பதினோரு சரக்கு. இந்தச் சக்கையில பன்னண்டு இருக்கு."

காகிதத்தில் சின்னச் சின்னத் துவாரங்களோடு வெளிர் மஞ்சளாக ஒரு கொடித்துண்டு.

"முந்தாநாள்தான் பாத்தேன். கண்ணு சரியில்லை, அவசரப்பட்டுச் சொல்லக் கூடாதுன்னு நேத்தும் பாத்தேன், இன்னிக்கும் பாத்துட்டேன். இது சிறுநீரகத்தையே அரிச்சிடும். எங்க கடையில இதை விக்கறதை நிறுத்திப் பல வருஷம் ஆச்சு. யாரு போட்டது?"

ரூய்ஷியா அந்தக் கொடித்துண்டையே பார்த்தாள்.

"வடக்கே மலைப்பக்கம் இருக்கற எங்கக்கா அனுப்பினா... கால் வீக்கம் வடியும்னு... ஒரு பிடி சேர்த்துப் போட்டேன்."

"லூகிட்ட சொன்னியா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"அந்தப் பொட்டலத்தைக் கையோட எடுத்துக்கிட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ. அங்கயாவது மறைக்காம சொல்லு."

எதிர்க்கடைக்காரி ரொட்டி வெந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டாள்.

அடுத்த மாதப் பரிசோதனையில் இருநூற்று முப்பத்தாறு. "போனது போனதுதான். ஆனா ஏறறது நின்னிருக்கு," என்றார் டாக்டர். ரூய்ஷியா அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

டாக்டரையும் கேட்டுக்கொண்டு லூ வைத்தியர் புதிதாகச் சீட்டு எழுதினார். மறுநாள் காலை ரூய்ஷியா சட்டியோடு, தலையைக் குனிந்தபடி மெங் பெரியவர் வாசலைத் தாண்டி நடந்தாள்.

"எங்கம்மா போற?"

"நாற்சந்திக்குப் பெரியவரே."

"இங்கயே கொட்டு. நான் பாக்க வேண்டாமா?"

அவள் நின்றாள். இதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"உங்க வாசல்ல ஏன் கொட்டினேன்னு தெரிஞ்சா, நீங்க என் முகத்துலயே முழிக்க மாட்டீங்க."

பெரியவர் சட்டியை அவள் கையிலிருந்து வாங்கி, தன் வாசல்படியில் கவிழ்த்தார்.

"தெரியாம என்னம்மா? பெய்லினுக்கு அம்பதுதானே ஆகுது, பொழைக்கட்டும்னு முதல் நாள்லேர்ந்தே செருப்பைக் கழட்டிட்டு மிதிச்சுக்கிட்டுதான் இருக்கேன். அப்படி மிதிக்கறப்பதான் அந்தப் பன்னண்டாவது சரக்கு காலுல குத்திச்சு."