அக்கா கம்ப்யூட்டரில் ஒரு வரி

இதை நான் நேரில் பார்க்கவில்லை. என்னோடு படித்தவள் சொன்னது. அவளும் தன் ஆபீஸில் இருக்கும் ஒரு அக்காவைக் கிண்டல் பண்ணத்தான் சொன்னாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். மேனேஜர் ஒரு கம்ப்யூட்டரைக் காட்டி, பதினான்கு பக்கக் குறிப்பு ஒன்றைக் கையில் கொடுத்தார்.

"இதுல இருக்கிறபடி டூல் எல்லாம் போட்டுக்கோங்க. பன்னிரண்டு மணிக்கு வருவேன். ஒரு சின்ன புரோகிராம் ஓட்டிக் காட்டணும். ஓடினா இந்த டீம். ஓடலைன்னா பேரு மறுபடி வெயிட்டிங் லிஸ்ட்டுக்குப் போயிடும்."

வெயிட்டிங் லிஸ்ட்டில் எட்டு மாதம் கிடந்துவிட்டு வந்தவள் அவள். கொத்தனார் வேலை பார்க்கும் அப்பா அதற்குள் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார்.

"என்னம்மா, ஓடிருச்சா?"

ஓடவில்லை. டூல் எல்லாம் ஒழுங்காக ஏறியிருந்தது. ஆனால் கட்டளையை அடித்தால், 'அப்படி ஒரு கட்டளையே இல்லை' என்றது கறுப்புத் திரை.

டூல் எந்த ஃபோல்டருக்குள் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு வரி எழுத வேண்டும். 'பாத்' என்பார்கள். அதையும் குறிப்பைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் அடித்திருந்தாள். நான்கு தடவை சரிபார்த்தும்விட்டாள்.

யாரையாவது கேட்கலாம். கேட்டால், 'இதுகூடத் தெரியாதா?' என்று நினைத்துவிட்டால்?

பத்தரைக்கு எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். இவள் போகவில்லை. தண்ணீர் பாட்டிலோடு ஒரு அக்கா மட்டும் பின்னால் வந்து ஒரு நிமிஷம் நின்றார்.

"என்னம்மா, டீக்கு வரலையா?"

"இல்லக்கா, வேலை நல்லாப் போயிட்டிருக்கு."

அக்கா திரையைப் பார்த்தார். அப்படியே தன் இடத்துக்குப் போய்விட்டார்.

பதினொன்றேகாலுக்கு அந்த அக்காவிடமிருந்தே குரல் வந்தது.

"ஏம்மா, கொஞ்சம் இங்கே வாயேன். என் மெஷின் மக்கர் பண்ணுது."

பக்கத்து சீட்காரன் குனிந்து கிசுகிசுத்தான். "மாட்டினீங்களா? புதுசா வர்றவங்ககிட்ட வேலை வாங்குறதுல அவங்க கில்லாடி. நான் சேர்ந்தன்னைக்கு பிரிண்டர் வேலை செய்யலைன்னாங்க. பாதி நாள் எனக்கு அதுலயே போச்சு."

இவளுக்கு அழுகையே வந்துவிட்டது. முக்கால் மணி நேரம்தான் மிச்சம். தன் தலைவலியே தீரவில்லை, இதில் இன்னொன்றா? ஆனால் முதல் நாளே எப்படி முடியாது என்பது? எழுந்து போனாள்.

"டூலைக் கூப்பிட்டா, அப்படி ஒரு கட்டளையே இல்லைங்குது. நீ இப்பத்தானே படிச்சிட்டு வந்திருக்கே, பாரு."

பாத் வரியைத் திறந்தாள். ஹோம், அதற்குள் யுவர்நேம், அதற்குள் டூல்ஸ் என்று இருந்தது.

"அக்கா... உங்க பேரு யுவர்நேமா?"

"ஏன், நல்லா இல்லையா?"

இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது சும்மா உதாரணத்துக்குக் குடுத்ததுக்கா. அந்த இடத்துல நம்ம பேரைப் போட்டுக்..."

பாதியிலேயே வாய் நின்றுவிட்டது. குறிப்பைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் தான் அடித்ததும் அதே யுவர்நேம்தான்!

"தி... திருத்திட்டேன்க்கா. நான் போறேன்."

"இரு, இரு. இந்த விண்டோவை மூடிட்டுப் புதுசா ஒண்ணைத் திற. பழசுக்கு இப்ப மாத்தினது தெரியாது."

திறந்தாள். அக்காவின் டூல் வேலை செய்தது. தன் இடத்துக்கு ஓடி வந்து வரியை மாற்றி, விண்டோவை மூடித் திறந்தாள். இங்கேயும் வேலை செய்தது.

சரியாகப் பன்னிரண்டுக்கு வந்த மேனேஜர் புரோகிராமைப் பார்த்துத் தலையாட்டினார். அக்கா இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

"சார், என் மெஷினையும் இந்தப் பொண்ணுதான் சரி பண்ணுச்சு. யுவர்நேம்னு அப்படியே அடிச்சு வெச்சிருந்தேன்!"

அந்த வரிசையே கொல்லென்று சிரித்தது.

"சேர்ந்து ஒன்பது வருஷமாச்சு, இன்னுமா?" மேனேஜருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரி, இந்தப் பொண்ணு இங்கேயே இருக்கட்டும். உங்களைப் பார்த்துக்கவும் ஒரு ஆள் வேணும்."

வெளியே வந்து போன் பண்ணினாள். "அப்பா, ஓடிருச்சுப்பா!"

"பிடிச்சு வெச்சுக்கோம்மா, இனிமே விட்டுடாதே!"

இதைச் சொல்லி முடித்தபோது அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. "நானாவது முதல் நாள். ஒன்பது வருஷ சர்வீஸ், அதே தப்பு!" நானும் சேர்ந்து சிரித்தேன்.

போன மாதம் எனக்கும் அதே ஆபீஸில் வேலை கிடைத்தது. எல்லாக் கம்ப்யூட்டரிலிருந்தும் மணிக்கு ஒரு தடவை எடுத்து வைக்கும் பேக்கப் ஒழுங்காக இருக்கிறதா என்று சோதிக்கும் வேலை. பழசையும் திறந்து பார்க்க வேண்டும். அவள் சேர்ந்த நாளின் பேக்கப்பும் கைக்கு வந்தது.

அக்கா கம்ப்யூட்டரில் பத்து மணிக்கு எடுத்ததில், அந்த பாத் வரியில் அவர் பெயர் ஒழுங்காகத்தான் இருந்தது. பதினோரு மணிக்கு எடுத்ததில்தான் அது யுவர்நேம் ஆகியிருந்தது.