பெரிய ஸ்பீக்கரில் கேட்டது

தரையில் நிற்கும் உயரமான ஸ்பீக்கரைக் கடைக்காரர் புகழ்ந்தார். செண்பகத்துக்கோ அலமாரியில் அடங்கும் சின்னதுதான் பிடித்திருந்தது. அவள் கணவர் ஞானசேகரன் முடிவெடுக்க முடியாமல், புனேயில் கட்டிக்கொடுத்த மகள் பாடி அனுப்பியிருந்த பாட்டை இரண்டிலும் போடச் சொன்னார்.

சின்னதில் மகளின் குரல் இனிமையாக வந்தது. பெரியதில் அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. பல்லவி முடிந்த இடைவெளியில், மகள் வீட்டின் உள்ளறையிலிருந்து ஓர் ஆண்குரல், "நிறுத்துடி சனியனே" என்றது. ஏதோ உடைந்தது. மகள் ஒரு கணம் தயங்கிவிட்டு, அதே சுருதியில் தொடர்ந்து பாடினாள்.

"பாத்தீங்களா சார், எவ்வளவு தெளிவு..." என்ற கடைக்காரர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"சின்னதே போதுங்க. வாங்க, போலாம்" என்றாள் செண்பகம்.

அவள் திடுக்கிடவே இல்லை என்பதை ஞானசேகரன் அப்போதுதான் கவனித்தார்.

"எத்தன நாளாத் தெரியும் உனக்கு?"