கண் சிமிட்டாத தங்கம்

மலாயாவின் மூவாரில் அந்த வருஷம் ஒரு புருஷனின் விலை இரண்டு பவுன். அதையும் தங்கமாகத்தான் தர வேண்டும். ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டை அவனுடைய துபாஷியே கையால் தொட மாட்டான்.

பத்தர் கண்ணையாவின் பட்டறையில், வெள்ளையம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, தாலியையும் தோடுகளையும் துபாஷி கனகராஜின் முன்னால் வைத்தாள். நெற்றியில் குங்குமம் காசு அகலத்துக்கு இருந்தது.

“எந்தத் தோட்டம்?”

“பாலோங்க.”

“பாலோவா? அங்க ஆம்பளைங்கள லாரி லாரியா அள்ளி சயாம் ரயில் பாதை போட அனுப்பியாச்சே! உன் புருஷன் மட்டும் எப்படி மிஞ்சினான்?”

“ரப்பர் காட்டுல ஒளிஞ்சிருந்தாருங்க. பேரு சதாசிவம். ஐயா மனசு வச்சா…”

“மனசு பெறகு. மொதல்ல எடை. கண்ணையா, ஊதுய்யா!”

எந்த நகையையும் கனகராஜ் அப்படியே வீட்டுக்குக் கொண்டு போனதில்லை. தாலியென்றால் யாருடையது என்று ஊர் அடையாளம் சொல்லிவிடும். உருண்டைக்கு முகம் கிடையாது.

வெங்காரப் பொடி போட்டுத் தயாராக வைத்திருந்த மூசையில் பத்தர் நகைகளைப் போட்டார். கரிக்கு நடுவே அதை வைத்துத் துருத்தியை அழுத்தினார்.

“உன் மவன் சயாம்ல சௌக்கியமா இருக்கான்யா. நீ திருடாம உருக்கிக் குடு, சீக்கிரமே வந்து நிப்பான்.”

“எல்லாம் உங்க தயவுங்க.”

தங்கம் உருகி, பச்சை ஓடிய ஒளியில் தளும்பியது. பத்தர் மூசையை வெளியே எடுத்து வைக்க, கனகராஜ் குனிந்தான். பார்த்துப் பார்த்து அவனும் ஒன்று கற்றிருந்தான். உருகிய தங்கம் மங்கிக்கொண்டே வந்து, இறுகுகிற நொடியில் ஒரே ஒருமுறை பளிச்சென்று வெட்டும். கண்ணையா அதைக் கண் சிமிட்டுவது என்பார்.

அன்று அது சிமிட்டவில்லை. மங்கி, மங்கி, அப்படியே உறைந்து போயிற்று.

“அலமாக்! என்னய்யா இது, கலப்படமா?”

“அழுதுகிட்டே கழட்டின தாலிங்க. அது யாரைப் பார்த்துக் கண் சிமிட்டும்? சந்தேகம்னா ஒரசிப் பாருங்க, நிறுத்துப் பாருங்க.”

உரைகல்லில் பொன் கோடே விழுந்தது. தராசில் இரண்டு பவுனுக்குச் சற்று மேலேயே நின்றது. கூட நிற்கிற எடைக்குக் காரணம் கேட்கிறவன் வியாபாரத்துக்கு லாயக்கில்லை. கனகராஜ் உருண்டையைத் தராசிலிருந்து எடுத்தான்.

“இங்கயே ரெண்டா வெட்டித் தரட்டுங்களா?”

“வேணாம், வேணாம். நாளைக்குக் காலையில நம்ம ஜப்பான் கேப்டன் தன் கையாலதான் வெட்டுவாரு. பாதி அவருக்கு, பாதி எனக்கு. வெட்டுறதுல அவருக்கு ஒரு குஷி லா.” உருண்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். “போம்மா. இனிமே உன் புருஷன் மேல ஒருத்தனும் கை வைக்க மாட்டான்.”

“அது தெரியுங்க” என்று கும்பிட்டாள் வெள்ளையம்மா.

அவனுடைய சைக்கிள் தெருமுனை திரும்பும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேப்டன் பங்களாவுக்கு அவன் தினமும் போகிறவன்தான். ஆனால் பின்கட்டில் துணி துவைக்கிறவளின் முகத்தை அவன் என்றைக்குப் பார்த்தான்?

“கேப்டன் சட்டையிலேருந்து நான் அறுத்துக் குடுத்த பொத்தான் உருகிடலியே, பத்தரே?”

“அது பிளாட்டினம், தாயி. என் கரி நெருப்புக்கெல்லாம் மசியாது. வெங்காரத்துக்குள்ள ஒளிச்சு வச்சேன், தங்கத்துக்கு அடியில போயி உக்காந்துகிச்சு. அது உள்ள கெடந்ததாலதான் தங்கம் சிமிட்டல. நாளைக்கு வெட்டுறப்ப பொத்தான்ல இருக்கற கேப்டனோட குடும்ப முத்திரை அவரையே பார்த்துச் சிரிக்கும். அப்புறம் திருட்டுத் துபாஷி மேல வாளை எடுக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?”

பத்தர் கரியின் மேல் தண்ணீரைத் தெளித்தார். “அதோட கணக்குத் தீர்ந்துச்சு.”

“எங்க தீர்ந்துச்சு? சயாம்ல செத்தது என் புருஷன் ஒண்ணு, உங்க மவன் ஒண்ணு. இவனுக்கு இருக்கறது ஒரே கழுத்து. இன்னும் ஒண்ணு பாக்கி, பத்தரே.”