பாஸ்கோவின் தொப்பி

செத்துப்போன மனுஷனுடைய தொப்பி சபையில் அவர் இருக்கையில் இருந்தது.

முதலில் பார்த்தவர் அம்ப்ரோஸ் டீக். பார்த்ததும் அவருக்கு உடம்பு சில்லிட்டுப் போயிற்று. நெடிய கறுப்புத் தொப்பி. இடது விளிம்பில் புகைக்குழாய் நெருப்பு பட்டுப் பொசுங்கிய ஓட்டை. சந்தேகமே இல்லை, நத்தானியல் பாஸ்கோவுடையதுதான். அந்த பாஸ்கோ நேற்று விடியற்காலையில் கண்ணை மூடிவிட்டார். மேட்டுத் தெருவில், தன் வீட்டுக் கூடத்தில், பெட்டிக்குள் கிடக்கிறார்.

வெலிங்டன் சட்டசபையில் தொப்பி வைத்துத்தான் இடம் பிடிப்பார்கள். பிரார்த்தனைக்கு முன்னால் உறுப்பினரே வந்து வைக்க வேண்டும். ஒருவர் தொப்பியை இன்னொருவர் தொடக்கூடாது. தொப்பி இருந்தால் ஆள் கட்டடத்துக்குள் இருக்கிறார் என்று அர்த்தம்.

டீக் வாசல்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார். காலையில் பெருக்கியபோது அந்த இருக்கை காலியாகத்தான் இருந்தது என்று அவர் பைபிள்மேல் சத்தியம் பண்ணினார். பண்ணியவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அன்றைக்குத்தான் மசோதா ஓட்டுக்கு வருகிறது. ஒவ்வொரு நிலக்கரிச் சுரங்கத்துக்கும் இரண்டாவது வழி ஒன்று வெட்டியே ஆகவேண்டும் என்கிற மசோதா. போன குளிர்காலத்தில் இருந்த ஒரே வழியும் அடைத்துக்கொண்டு முப்பத்தோரு பேர் மூச்சுமுட்டிச் செத்தார்கள். அதில் டீக்கின் தங்கை புருஷனும் ஒருவன். டீக்கும் பாஸ்கோவும் சேர்ந்து அரும்பாடுபட்டு அதை இதுவரைக்கும் கொண்டுவந்திருந்தார்கள்.

ஆறு வாரமாக பாஸ்கோ படுக்கையில். எதிர்த்தரப்பில் ஹியூ கால்பிரெய்த் என்கிற கிழவர், சுரங்கப் பங்குதாரர், அவரோடு ஜோடி சேர்ந்திருந்தார். 'நீங்க வரமுடியாத வரைக்கும் நானும் ஓட்டுப் போடமாட்டேன்' என்கிற வாக்குக்குத்தான் ஜோடி என்று பெயர். எழுத்து கிடையாது, கைகுலுக்கல்தான். ஆனால் ஒருவர் செத்தால் ஜோடி முறிந்துபோகும், அதுவும் வழக்கம்தான்.

இனி கால்பிரெய்த் ஓட்டுப் போடலாம். போட்டால் முப்பத்து நாலுக்கு முப்பத்து நாலு. சமமானால், பழையபடியே இருக்கட்டும் என்று சபாநாயகர் சொல்லிவிடுவார். அத்தோடு மசோதாவுக்கும் பாஸ்கோவின் கதிதான்.

வழக்கமாக மணி அடித்த பிறகு மூச்சிரைக்க வருகிற கால்பிரெய்த், இன்றைக்கு எல்லாருக்கும் முந்தி வந்து, தடித்த மேலங்கியைக்கூடக் கழற்றாமல் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கழுத்தை அறுக்க எவ்வளவு அவசரம் பார் என்று டீக்குக்கு வயிறு எரிந்தது.

மூன்று மணிக்கே கடல் மூடுபனி ஜன்னல்களை அடைத்துக்கொண்டது. விளக்கு ஏற்றினார்கள். உள்ளே வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தொப்பியைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். அதற்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்ததில், நிறைந்த சபையில் அந்த ஒரு இடம் மட்டும் தனியாக நின்றது. பாஸ்கோவின் புகையிலை வாசனை லேசாக வந்தது.

டீக் எழுந்து பேசினார். முப்பத்தோரு பெயரையும் வாசித்தார். வாசிக்க வாசிக்க, பக்கத்தில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பதுபோல அவருக்குப் பிடரி கூசியது.

ஓட்டு மணி அடித்தது. கால்பிரெய்த் எழுந்தார், தொப்பியைப் பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. மசோதாவை எதிர்த்த மந்திரி வின்டர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார்.

"செத்தவரோட என்னய்யா ஜோடி? வந்து ஓட்டைப் போடுங்க."

"அதை நீங்க அவர்கிட்டச் சொல்லுங்க," என்றார் கால்பிரெய்த்.

கையை உதறிக்கொண்டு, தடுக்கித் தடுமாறி வெளியே ஓடினார். அவருக்குப் பின்னால் கதவைப் பூட்டி எண்ணினார்கள். முப்பத்து நாலு, முப்பத்து மூன்று. மசோதா பிழைத்தது.

டீக் அழுதே விட்டார். தன் சிநேகிதன் குழியில் இறங்குமுன் ஒருதரம் வந்து காரியத்தை முடித்துவிட்டுப் போயிருக்கிறான் என்று சத்தியமாக நம்பினார்.

அப்புறம் தேநீர் அறையில் பயம் தெளிந்து கும்மாளம் தொடங்கியது. டீக் ஒருவருடைய மேலங்கியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, கால்பிரெய்த் ஓடிய ஓட்டத்தை மூன்று தரம் ஓடிக் காட்டினார். வின்டர்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூலையில் உட்கார்ந்திருந்த கால்பிரெய்த் கோப்பையைவிட்டுத் தலை நிமிரவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் சபாநாயகரிடம் கேட்டுக்கொண்டு, தொப்பியைக் கைக்குட்டையில் ஏந்தி எடுத்துப்போனார் டீக். விரல் படக்கூட அவருக்குத் துணிச்சல் இல்லை. பாஸ்கோவின் மனைவி லிடியாவிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் தவித்தார்.

லிடியா சாதாரணமாக வாங்கி, பெட்டியின்மேல் வைத்தாள்.

"மசோதா தேறிடுச்சா, அண்ணே?"

"தேறிடுச்சும்மா. இது... இது அவன் இருக்கையிலே இருந்துச்சு."

"தெரியும். காலையில கால்பிரெய்த் ஐயாதான் வந்து கேட்டு வாங்கி, மேலங்கிக்குள்ள மறைச்சு எடுத்துட்டுப் போனார்."

டீக் கை நீட்டித் தொப்பியின் பொசுங்கிய விளிம்பைத் தொட்டார்.

"இவர் பக்கத்துல ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார், அண்ணே. 'நான் வாக்குக் கொடுத்தது இந்த மனுஷனுக்கு, அவர் செத்துட்டார்னு அது செத்துடாதும்மா. ஆனா மனசாட்சின்னு சொல்லி ஒதுங்கினா என் கூட்டாளிங்க என்னைத் தொழில்லயே ஒழிச்சிடுவாங்க. பேய்க்குப் பயந்து ஓடினேன்னா, கிழட்டுக் கோழைன்னு சிரிச்சுட்டு விட்டுடுவாங்க'ன்னார். உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"பாவம், மானஸ்தர். யாரும் ரொம்பக் கேலி பண்ணிடலையே, அண்ணே?"