அதிர்வு இல்லை, சத்தம் இல்லை

தொழிற்சாலைக் கூரையின் பன்னிரண்டு காற்றோட்ட ஃபேன்களையும் ஆய்வு செய்ய வந்த அதிகாரி, மேனேஜரின் ஏசி அறையை விட்டு அசையவில்லை.

"சார், ஏணி போட்டு வெச்சிருக்கேன். ஒரு தடவை மேல வந்து நெலமையப் பாத்துட்டீங்கன்னா..." என்று இழுத்தார் மெக்கானிக்.

"இருபது வருஷமா இதே வேலைய்யா. கீழ நின்னு காது குடுத்தாலே போதும், எது எப்படி ஓடுதுன்னு சொல்லிடுவேன்."

படிவத்தில் மடமடவென்று டிக் அடித்தார். "பிளேடு, நல்ல நிலை. பெல்ட், நல்ல நிலை. அதிர்வு இல்லை. சத்தம் இல்லை."

"அது இல்ல சார், அந்த ஃபேன் எல்லாம்..."

"யோவ், ஆய்வு நான் பண்றேனா, நீ பண்றியா?"

மேனேஜர் இன்னொரு டீ வரவழைத்தார். கையெழுத்து விழுந்தது, முத்திரையும் விழுந்தது.

வழியனுப்ப வந்த மெக்கானிக்கிடம், கார் அருகே கிடந்த இரும்புக் குவியலைக் காட்டி அதிகாரி எரிந்து விழுந்தார்.

"மொதல்ல இந்தப் பழைய இரும்பை அள்ளித் தூரப் போடுங்கய்யா. வரும்போதே பம்பர்ல கீறல் விழுந்துடுச்சு!"

"பழைய இரும்பு இல்ல சார். நீங்க இப்ப கையெழுத்துப் போட்ட பன்னிரண்டு ஃபேனும் இதுதான். பேரிங் போச்சுன்னு நேத்து கழட்டி இறக்கினோம். உங்க ரிப்போர்ட் வந்தாத்தான் புதுசு வாங்குவேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. உள்ள ஆளுங்க வெந்துட்டிருக்காங்க."

அதிகாரி அந்தக் குவியலை ஏற இறங்கப் பார்த்தார். குனிந்து, காதுகூடக் கொடுத்தார். பிறகு நிமிர்ந்து கார் கதவைத் திறந்தார்.

"அப்புறம் என்னய்யா? அதிர்வு இல்ல, சத்தம் இல்லன்னு சரியாத்தானே எழுதியிருக்கேன்!"